வெறும் விரல்

அறுபத்தெட்டு நாளாக மருமகளின் விரல்களில் சிவப்பில்லை. அந்தக் கணக்கை நெஞ்சில் சுமந்துகொண்டு ஹஜ்ஜா இன்ஷிராஹ், எகிப்தின் தன்தா நகரக் கடைத்தெருவில் மிட்டாய்க் கடைக்கு மேலிருந்த அழகு நிலையத்தின் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள்.

அவர்கள் வீட்டில் நகச்சாயம் என்பது மாதவிலக்கால் தொழுகை இல்லாத நாட்களுக்கு மட்டும்தான். சாயம் இருந்தால், தொழுமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தண்ணீர் நகத்தில் படாது. மருமகள் மயாதாவின் விரலில் சிவப்பு ஏறினால் அந்த நாட்கள் தொடங்கிவிட்டன, துடைத்தால் முடிந்துவிட்டன. வாயைத் திறந்து கேட்க வேண்டியதே இல்லை.

ஒரே ஒரு தடவை அவள் மூன்று வாரத்துக்கு அழியாத ஜெல் சாயத்தைப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைக்கு அவள் மாமனார் இறந்த நாளுக்கான வருஷக் குர்ஆன் ஓதல். ஹஜ்ஜா போட்ட சத்தத்தில், ஓத வந்த பெண்கள் உட்காருவதற்குள், பத்தே நிமிஷத்தில் வெறும் விரலோடு வந்துவிட்டாள். அவ்வளவு அடக்கம். அந்த அடக்கத்தை நம்பித்தான் ஹஜ்ஜா ஏமாந்தாள்.

அன்றிலிருந்து விரலில் சிவப்பே ஏறவில்லை. மகன் ரிஃபாத் குவைத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

மற்ற அடையாளங்களும் சேர்ந்துகொண்டன. முட்டையைக் கண்டாலே முகம் சுளித்தவள், இப்போது காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டாள். மாடிப்படி கழுவக் குளோரின் பாட்டிலைத் திறந்தால் தூர ஓடினாள். நேற்று அவள் தலையணைக்கு அடியில் வாதுமை எண்ணெய்ச் சீசா கிடைத்தது. வயிற்றில் வரி விழாமலிருக்க ஹஜ்ஜாவும் நான்கு பிள்ளைகளைச் சுமந்தபோது அதே எண்ணெயைத் தடவியவள்தான்.

நேற்றே மகனை அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காலையில் ஒரு வரி மட்டும் வந்தது. விமானம் ஏறுகிறேன், அவளோடு உறவை இன்றைக்கே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தான்.

ஹஜ்ஜா கதவைத் தள்ளிய தள்ளலில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி ஆடியது. மயாதா ஒரு கிண்ணத்துச் சுடு எண்ணெயில் விரல் நுனிகளை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அழகு நிலையக்காரி திம்யானா.

"மகாராணி விரலை ஊற வெச்சிருக்காங்களா? புருஷன் அங்கே வெயில்ல வேகுறான்."

மயாதா நிமிர்ந்தாள். என்ன மாமி, இங்கே எங்கே வந்தீர்கள் என்று கேட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள ரிஃபாத் வந்துடுவான். அதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடு. வயித்துல இருக்கிறது யாரோடது?"

மூலையில் ஓடிக்கொண்டிருந்த முடி உலர்த்தி நின்றுபோனது. மயாதாவின் முகத்தில் இரத்தம் ஏறியது. அவள் அழவில்லை. எண்ணெய் சொட்டும் கையைத் துடைக்காமலே எழுந்து நின்றாள்.

"எனக்கு நேத்திலேருந்து தொழுகை இல்லை, மாமி. சந்தேகமா இருந்தா கீழேயே மருந்துக்கடை இருக்கு. வாங்க, உங்க கண்ணு முன்னாடியே சோதிச்சுப் பார்த்துடலாம்."

"அப்போ விரல்ல சிவப்பு எங்கேடி?"

அதற்குப் பதில் திம்யானாவிடமிருந்து வந்தது. மயாதாவின் கையை வெடுக்கென்று பிடித்து, விளக்குக்கு அடியில் ஹஜ்ஜாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். நகங்கள் தாள்போல மெலிந்து, திட்டுத்திட்டாக வெளுத்து, ஓரம் பிளந்து கிடந்தன.

"நல்லாப் பாருங்க ஹஜ்ஜா. இது நகமா, வெங்காயச் சருகா?"

சாயத்தைத் தொடவே கூடாது என்று சொன்னது தான்தான் என்றாள். குளோரின் பக்கம் போகக் கூடாது, முட்டையும் பருப்பும் விடாமல் சாப்பிட வேண்டும், நகக்கண்ணில் இரண்டு வேளை வாதுமை எண்ணெய் தேய்க்க வேண்டும். அடியிலிருந்து புது நகம் வளர்ந்து நுனிக்கு வர நாலைந்து மாதம் பிடிக்கும். அதுவரை இந்தக் கை இப்படித்தான்.

அவள் சொல்லச் சொல்ல, ஹஜ்ஜா சேர்த்துவைத்த அடையாளங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஆனால் ஏறின கோபம் இறங்க இடம் தேடியது.

"ஜெல் போட்டா நகம் இப்படியா ஆகும்? நீ என்னத்தைப் பூசித் தொலைச்சே?"

பூசினதில் ஒன்றும் ஆகவில்லை என்றாள் திம்யானா. முக்கால் மணி நேரம் ஊறவைத்தால் அதுவே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இதை யாரோ ஊறவைக்காமல் பிய்த்திருக்கிறார்கள். நகத்தின் மேல்தோலும் கூடவே போயிருக்கிறது.

ஹஜ்ஜாவின் கைபேசி அலறியது. ரிஃபாத் கெய்ரோவில் இறங்கிவிட்டான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நான்தான் தப்பா நினைச்சுட்டேன் மகனே, உன் பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் இல்லை. எவளோ ஒரு பாவி இவ நகத்தைப் பிச்சு எறிஞ்சிருக்கா. எல்லாத்துக்கும் அவதான் காரணம். அவளைச் சும்மா விடக் கூடாது."

"யாரும்மா அது?" என்றான் ரிஃபாத்.

"சொல்லுடி. உன் புருஷன் கேட்கிறான்ல?"

மயாதா கைபேசியின் பக்கமாகக் குனிந்தாள். பார்வை மட்டும் மாமியாரை விட்டு விலகவில்லை.

"என் பல்லால நானே பிச்சேன், மாமி. எடுடின்னு வெளியே நின்னு கதவை இடிச்சது நீங்க."