இடுப்பில் உறுத்திய சீட்டு

கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் அதைப் பிடித்து இழுக்கவில்லை. சலைன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானாக இளகும்வரை காத்திருந்தார்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய தொடையைப் பார்க்கப் பயந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பையைப் பார்த்தாள் அவன் மனைவி. அதற்குத் தொடையையே பார்த்திருக்கலாம்.

பைக்குள் அந்தப் பேன்ட்.

செயின் மிஷின் வைத்து மரம் அறுக்கிறவர்கள் போடுவது. ஆரஞ்சு நிறம். முன்பக்கம் மெத்தை மாதிரி தடிமன். வேர்த்துக் கொட்டும். ஆனாலும் அதைப் போடாமல் அவன் ஒரு நாளும் மரத்துப் பக்கம் போனதில்லை.

ஆடியில் ஒருமுறை மிஷின் துள்ளித் தொடைக்கு வந்தது. பேன்ட் ஒரு சாண் கிழிந்தது. உள்ளேயிருந்து வெள்ளை நூல் கொத்துக் கொத்தாக வெளியே வந்து, செயினில் சுற்றி, மிஷினை நிறுத்திவிட்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

காலுக்கு வந்தது கால்சட்டையோடு போயிற்று என்று லைன் வீடு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், அழுதுகொண்டே.

அன்று மாலையே அந்தப் பேன்ட்டைத் தன் தையல் மிஷினில் வைத்தாள். ரவிக்கை தைக்க அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆளில்லை. பிதுங்கிய நூலையெல்லாம் உள்ளே தள்ளினாள். அடியில் காடாத் துணி கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஏழு வரி அடித்தாள். இழுத்துப் பார்த்தாள். ஒரு நூல் அசையவில்லை.

"இனி இது பிரிஞ்சா என்னைக் கேளுங்க," என்றாள்.

அவன் பேன்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு கத்தரிக்கோல் கேட்டான். இடுப்பின் உள்பக்கம் இருந்த துணிச்சீட்டு உறுத்துகிறதாம். வெட்டி எடுத்துக்கொண்டான்.

ஆயுத பூஜைக்கு அந்தப் பேன்ட்டுக்கும் சந்தனம் வைத்தாள்.

தையல் பிரியவே இல்லை.

போன வியாழக்கிழமை செயின் அந்த ஏழு வரியையும் சேர்த்து அறுத்துக்கொண்டு சதைக்குள் போனது. எலும்புக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. கூட இருந்தவர்கள் துண்டை மடித்து அழுத்திக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தார்கள். சதையில் புகுந்த மரத்தூளைக் கழுவி எடுக்கவே முக்கால் மணி நேரம். பதினேழு தையல்.

சற்று முன்பு மேஸ்திரி அமல்ராஜ் வந்திருந்தார். வார்டு வாசலில் பையைப் பிரித்துப் பார்த்தவர், "யாரும்மா இதைத் தச்சது?" என்றார்.

"நான்தாங்க."

அவர் பேன்ட்டை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இதத் தைக்கக் கூடாதும்மா. அந்த நூல் லூசா இருந்தாத்தான் வெளிய வந்து செயினப் புடிக்கும். ஒருவாட்டி கிழிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத."

சொல்லாமல் எப்படி இருப்பது? குழம்பில் உப்புக் கூடினால் அவன் வாயில் வைப்பதற்குள் சொல்லிவிடுகிறவள் அவள்.

கட்டுத்துணி இளகி வந்தது. அவன் பல்லைக் கடித்தான். சிஸ்டர் குனிந்து பார்த்து, "சீழ் வைக்கல. நல்லா ஆறுது," என்றார். புதுத் துணி வைத்துக் கட்டினார்.

"ஏங்க," என்றாள் அவள். "அந்தப் பேன்ட்டு..."

"உன் தையல்தான் புள்ள காப்பாத்துச்சு. இல்லாட்டி காலே போயிருக்கும்."

கூரையைப் பார்த்துத்தான் சொன்னான். இப்படி நம்பிக்கொண்டிருப்பவனிடம் என்னவென்று சொல்வது? வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும். அடித்தாலும் அடிக்கட்டும்.

சிஸ்டர் காப்பீட்டு அட்டை கேட்டார். அவள் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பர்ஸை எடுத்தாள்.

"குடு, நான் எடுத்துத் தரேன்," என்று அவன் அவசரமாகக் கை நீட்டினான்.

அதற்குள் திறந்துவிட்டிருந்தாள்.

அட்டைக்குப் பின்னால், நான்காக மடித்த ஒரு வெள்ளைத் துணிச்சீட்டு. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய ஓரம். பல நாள் பர்ஸில் இருந்து மடிப்பெல்லாம் அழுக்கேறியிருந்தது. முழுக்க இங்கிலீஷ். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கீழே வரிசையாகப் படங்கள் இருந்தன. படத்துக்குப் படிப்பு வேண்டாம்.

ஒரு இஸ்திரிப் பெட்டி. அதன்மேல் பெருக்கல் குறி.

ஒரு ஊசி, அதில் கோத்த நூல். அதன்மேலும் பெருக்கல் குறி.

அவள் அதை நிதானமாக, இருந்த மடிப்பிலேயே மடித்தாள். இருந்த இடத்திலேயே வைத்தாள். அட்டையைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். சிஸ்டர் போய்விட்டார்.

"இடுப்புல இன்னும் உறுத்துதாங்க?"

அவன் கூரையை விட்டு அவளைப் பார்த்தான். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நகர்த்தி, அவள் உட்காரக் கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டான்.