காகிதம் நீட்டிய கை

தொற்றுக்குப் பயந்து வக்கீல் வீட்டிலிருந்தே காணொளியில் வாதாடினார். முப்பது வருஷமாகப் பக்கத்தில் நின்ற குமாஸ்தாவிடம், "உங்க வயசுக்கு வெளிய வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

குமாஸ்தா தன் வீட்டில் உட்கார்ந்து விசாரணையைச் செல்போனில் பார்த்தார். கொலை வழக்கு, ஜாமீன் மனு. வக்கீல் கேட்கும் முன்பே பக்கத்திலிருந்து ஒரு கை சரியான காகிதத்தை நீட்டியது. ஜாமீன் கிடைத்தது. எவனோ தன் இடத்தைப் பிடித்துவிட்டான் என்று குமாஸ்தாவுக்கு வயிறு எரிந்தது.

உடனே போன் போட்டார். "நான்தான், உங்க குமாஸ்தா. புது ஆள் வச்சாச்சு போல?"

"விளையாடாதய்யா. வர வேணாம்னு சொல்லியும் என் குமாஸ்தா இங்கதான் வந்து நிக்கிறாரு. முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா வேலை பாத்தாரு."

போனில் வக்கீலுக்குப் பின்னால் குமாஸ்தாவின் சொந்தக் குரலே கேட்டது. "யாருங்கய்யா போன்ல?"

"யாரோ. உங்க வேலை வேணுமாம்."