கட்டிலில் விரித்த குடை

எஸ்தரின் கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. யூரிக் அமிலம் மூட்டில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். போர்வை நுனி பட்டாலே அலறினாள். போர்வை இல்லாவிட்டால் அடைமழைக் குளிரில் நடுங்கினாள். அவள் கணவர் தேவசகாயம், வீட்டிலிருந்த ஒரே குடையை விரித்து, அவள் பாதத்தின் மேல் கூடாரம்போலச் சாய்த்து, அதன்மேல் போர்வையைப் போர்த்தினார்.

“வீட்டுக்குள்ள குடைய விரிக்கக் கூடாதும்பாவ.”

“வலி வீட்டுக்குள்ளதான இருக்கு.”

மாத்திரை தீர்ந்திருந்தது. அவள் குடையைப் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்டத் திரும்பியவர் கட்டிலுக்குப் பூனைபோல வந்தார். தரை அதிர்ந்தாலும் அவளுக்கு வலிக்கும். பாலிதீன் பைக்குள் மாத்திரை மட்டும் நனையாமல் இருந்தது.

வீக்கம் வடிந்தது. அதன் பிறகும் டாக்டர் சொன்ன மாத்திரையை அவள் ஒரு நாளும் விடவில்லை. சாளை மீனை நிறுத்தச் சொன்னது அவளைத்தான். அவரும் நிறுத்திவிட்டார், கேட்டால், முள் குத்துகிறது என்றார்.

அடுத்த மழையன்று அவர் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்தில் அதே குடையோடு எஸ்தர் நின்றிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

“நடந்தா வந்த?”

அவள் குடையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் ஒட்டாமல், ஒரு தோள் நனைய, தள்ளியே நடந்தார்.

“ஏன் ஒதுங்குதீய?”

“கால மிதிச்சிருவேன்.”

“மிதிச்சா மிதிச்சிட்டுப் போங்க,” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.