பதினாறாவது டியூப்

ஓசூர் லேபில் மலேரியா பிசிஆர் டெஸ்ட் போடுவது மாதேஸ்வரியின் வேலை. பதினைந்து டியூபில் நோயாளிகளின் ரத்த மாதிரி இருக்கும். பதினாறாவதில் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கிருமி காட்டினால் எங்கோ ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைய ரிசல்ட் எதையும் வெளியே கொடுக்க முடியாது.

பெயர் இல்லாத டியூபைக் கம்ப்யூட்டர் ஏற்பதில்லை. அதனால் தண்ணீருக்கு அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள்: சம்பங்கி, வயது முப்பத்து நான்கு, உத்தனப்பள்ளி.

திங்கட்கிழமை சம்பங்கிக்கு வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்று வந்தது. மற்ற பதினைந்து பேரில் ஒருவருக்கும் வைவாக்ஸ் இல்லை. மேசையைத் துடைத்துவிட்டு செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். அதேதான் வந்தது. புதன்கிழமை புது தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். அப்போதும் அதேதான்.

"ஆளுங்க காய்ச்சல்ல கெடக்கறாங்க. என்ன மாத்திரைன்னு எழுதறதும்மா?" என்று டாக்டர் போனில் சலித்துக்கொண்டார்.

"நாளைக்கு இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன் சார்."

வியாழக்கிழமை காலை கவுண்டரில் ஒரு பெண் நின்றிருந்தாள். கம்பெனி யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தும் பல் தந்தியடித்தது.

"சம்பங்கிங்க, உத்தனப்பள்ளி. ரிசல்ட் வந்துருச்சுங்களா?"

மாதேஸ்வரி எழுந்து கவுண்டருக்கு வந்தாள். "உங்களுக்கு யாரும்மா ரத்தம் எடுத்தது?"

"நீங்கதானுங்க மேடம்."

அவள் ஸ்வெட்டரை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தன.

"மூணு நாளா எடுக்கறீங்க. இன்னைக்கும் குத்தணுங்களா?"