பதினோராவது பொத்தான்

பதினோரு பேரும் ஒரே கோட்டுக்குள் நுழைந்துதான் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள் என்றார் அவர்.

ஏணிமேல் நின்ற ஆரோக்கியத்தின் கையில் பிரஷ் நின்றது. சுண்ணாம்பு சொட்டியது.

"ஒரே நேரத்துலயா மாமா?"

"ஒருத்தன் பின்னால ஒருத்தன். ஆனா கோட்டு ஒண்ணு."

"புளுகு" என்றாள் அவர் மனைவி வேதவல்லி. அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். குரல் மட்டும் வெளியே வந்தது. "எங்கப்பா கடையில கோட்டு மூணு இருந்துச்சு."

நாற்பத்து நான்கு வருடமாக அவள் சொல்வது அதே மூன்று கோட்டு.

நாளைக்குப் போகி. எரிக்க வேண்டியது ஒரு குவியல். வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு குவியல். அவருடைய ஒர்க் பெர்மிட் அட்டை எரிக்கிற குவியலில் கிடந்தது. எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அட்டையில் அவருக்கு இருபத்தாறு வயது. கோட்டு. டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

கொத்தனாருக்கு எதற்குக் கோட்டு என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டு மனுவில் ஒட்டுகிற படமென்றால் கோட்டுதான். அன்றைய நாகப்பட்டினத்தில் அதுதான் சட்டம். வேதவல்லியின் அப்பா ஸ்டூடியோவில் அது ஆணியில் தொங்கும். முதுகுப் பக்கம் நாலு கிளிப்பால் இழுத்துப் பிடித்தால் எந்த உடம்புக்கும் சேரும்.

பிறகு கழுவிய படத்தில் பென்சில் வேலை. மாமனாருக்கு ஒரே ஒரு மீசைதான் வரைய வரும். அதையே எல்லாருக்கும் வரைந்தார்.

"அடுத்து எங்கப்பா மீசைக்கு வருவாரு பாரு" என்றது அலமாரி.

வந்தார். விலாவாரியாக வந்தார்.

பெர்மிட் ஆபீஸ் இருபத்து மூன்றாவது மாடியில் இருந்தது. போன வருடம் சொன்னபோது இருபத்து இரண்டு. கண்ணாடி போட்ட சீன அம்மாள் ஒருத்தி மனுக்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஒரே கோட்டு. ஒரே மீசை. கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்குவதுகூட ஒன்றுபோலவே.

"தமிழ் கிளார்க்கு ஒருத்தர் வந்தாரு. 'தம்பிகளா, அம்மா கேக்குறாங்க. இது பதினோரு ஆளா, ஒரே ஆளு பதினோரு தடவயா?'"

ஆரோக்கியம் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பக்கத்து அறைகளிலிருந்து முப்பது பேர் வந்து பார்த்தார்கள். முப்பதா? அறுபது. பாரம் தாங்காமல் லிஃப்ட் நின்றது. மந்திரிக்குப் போன் போனது. இவர்களை ஏற்றிவந்த கப்பலைக் கிளம்பவிடாதே என்று துறைமுகத்துக்கு ஆள் ஓடியது.

இந்த இடத்தில் குரல் இறங்கும்.

இதை மட்டும் அவர் ஒருநாளும் பெருக்கிச் சொன்னதில்லை.

பெர்மிட் இல்லையென்றால் அதே கப்பலில் திரும்ப வேண்டும். பெண் கேட்டுப் போனபோது ஸ்டூடியோக்காரர் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். "பெர்மிட் கெடச்சதும் கடுதாசி போடுங்க தம்பி. அப்பறம் பேசுவோம்."

கடுதாசி வராவிட்டால் பேசுவதற்குத் திருவாரூரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். சொந்தக் கடை. சொந்த மீசை.

சன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. ஊர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பறம் மாமா?"

அந்த அம்மாள் பதினோராவது படத்தில் விரலை வைத்தாள்.

பத்துப் படத்தில் பொத்தான் தொங்கியது. இதில் தொங்கவில்லை. நேராக, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. இவனாவது வேறு ஆள் என்று அவளுக்குப் பட்டது.

மற்றவர்கள் திங்கட்கிழமை படம் எடுத்தவர்கள். அவர் காய்ச்சலில் கிடந்துவிட்டு வியாழக்கிழமை போனவர். அன்று ஸ்டூடியோவில் பவுடர் வாசனை இருந்தது. சுவரில் காலண்டர். காலண்டரில் நூலோடு ஒரு ஊசி குத்தியிருந்தது.

சீன அம்மாள் அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். படத்து மீசையை விரலால் மறைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி, மீசையை மறைத்து மறைத்துப் பார்த்துக் குத்தினாள்.

அவர் அன்று சாயங்காலமே கடுதாசி போட்டார்.

"அது சரி" என்றான் ஆரோக்கியம். "பொத்தானத் தச்சது யாரு?"

கதை கேட்ட எல்லோரும் கேட்பார்கள். அவர் அலமாரிப் பக்கம் பார்ப்பார். கோட்டும் கிடையாது, பொத்தானும் கிடையாது என்று அங்கிருந்து வரும்.

வந்தது.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு கண்டா? தங்க நூலுல தச்சிருந்துச்சு ஆரோக்கியம். சுத்தி மூணு ரோசாப்பூ வேற. அப்படியே கமகமன்னு..."

அலமாரிக்குள் சத்தம் நின்றது.

வேதவல்லி தலையை வெளியே எடுத்தாள். முடியில் ஒட்டடை. அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கட்டைவிரல் படத்தின் அடி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அட்டையை இரண்டாவது குவியலில் வைத்தாள். மறுபடியும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

"தங்க நூலாம். கறுப்பு நூலு தீந்துபோயி, ஊதா நூலுல தச்சேன்."