அம்புக்குறி இல்லாத கதவு

யாரோ ஒருவர் விளையாட வந்துவிட்டார்.

மடிக்கணினித் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று முளைத்ததைப் பார்த்ததும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நறுக்கிய வெங்காயத்தைப் பாதியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'மூச்சுப்பிடி அக்கா' என்பார்கள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பகலெல்லாம் மற்றவர்களை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் கணினியில் சொந்தமாக விளையாட்டுகளை உருவாக்குவாள். எல்லாம் ஆசைக்குத்தான். பார்த்துப் பார்த்துச் செய்த இந்த ஆட்டத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள். யார் ஆடினாலும் அவர் போகும் வழியையும் திரும்பும் திசையையும் தன் திரையில் பார்க்கலாம். மைக்கைப் போட்டால் அவரோடு பேசலாம்.

ஆட்டம் ரொம்ப எளிது. ஒரு பழைய வீடு, வரிசையாக ஐந்து அறைகள். கடைசி அறைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை ஒருத்தரும் போய்ச் சேரவில்லை. நான்காவது அறையில் வந்து திருதிருவென்று விழிப்பார்கள். அங்கே விளக்கு கிடையாது. சுவரும் கதவும் ஒரே கறுப்பு. கதவைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கும், லேசாக.

அந்த லேசான மழைக்காக வாளித் தண்ணீரும் தகரத் தகடுமாக மொட்டைமாடியில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நடக்கிற சத்தமும் தரைக்குத் தரை வேறு. மரம், கல், பாய், ஈரத் தரை. செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தட்டித் தட்டிப் பதிவு செய்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"இதெல்லாம் யார் காதுல விழப்போகுது? எல்லாரும் சத்தத்தை நிறுத்திட்டுதான் ஆடுவாங்க" என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன்.

அவன் வாய் முகூர்த்தம், அப்படியேதான் நடந்தது. ஆடியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: கதவுக்கு மேல் ஓர் அம்புக்குறி போடுங்கள்.

முதலில் மாட்டேன் என்றாள். பிறகு பிடிவாதமும் தேய்ந்துபோய், மஞ்சளில் மினுக்மினுக்கென்று ஓர் அம்புக்குறி வரைந்தே வைத்துவிட்டாள். இந்த ஆளும் தோற்றால் இன்றைக்கே அதை ஒட்டிவிடுவது என்று முடிவு. அப்புறம் அது அவளுடைய ஆட்டமே இல்லை.

புள்ளி நகர்ந்தது.

முதல் அறையிலேயே அக்காவுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆள் அறையின் நடுவுக்கே வரவில்லை. இடதுபக்கச் சுவரை உரசிக்கொண்டே போனார். மேசையில் முட்டினார். அது போதாதென்று திரும்ப வந்து இன்னொரு தரம் முட்டினார். கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாவது அறையின் சுவர் முழுக்க அவள் வரைந்த ஓவியங்கள். மாதக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து வரைந்தவை. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவுக்குச் சுருக்கென்றது.

ஆனால் மரத்தரை முடிந்து கல்தரை தொடங்கும் இடத்தில் நின்றார்.

ஓர் அடி பின்னால் வைத்தார். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். மரம், கல், மரம், கல். புதுச் செருப்பு வாங்கிய குழந்தை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார்.

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். காதில் விழுகிறது. இந்த ஆளுக்குக் காதில் விழுகிறது.

நான்காவது அறை. இங்கே நுழைந்ததும் எல்லோரும் தடுமாறி நிற்பார்கள். இவர் நடை மாறவே இல்லை. சுவரை விட்டு விலகி, முதல் தடவையாக அறையின் நடுவுக்கு வந்தார். நின்றார்.

கணவனுக்கே இருப்புக்கொள்ளவில்லை. கதவு இருக்கும் இடத்தைச் சொல்லித் தொலையேன் என்று கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டினான். அக்கா முடியாது என்று தலையசைத்தாள். ஆடுகிறவர் ஆடும்போது செய்தவர் வாய் திறக்கக் கூடாது. மைக்கின் பொத்தானைத் தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். மூச்சைப் பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

அவர் மெல்லத் திரும்பினார். இன்னும் கொஞ்சம் திரும்பினார். பிறகு, தன் வீட்டுக் கதவுக்குப் போகிறவரைப் போல நேராக நடந்தார்.

கதவு திறந்தது.

அக்கா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரருக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டிருக்கும். கணவன் அவளைத் தோளோடு பிடித்து உலுக்கினான். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட்டாள். அம்புக்குறிப் படத்தை அந்த நிமிடமே அழித்தாள்.

கடைசி அறையில் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே மழையில் நனையும் ஊர், சாயங்கால வெளிச்சம். அவள் வரைந்ததிலேயே அழகானது அதுதான். அவரோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூரையில் மழைச் சத்தம் பலமாக விழும் மூலையில் போய் நின்றார். நகரவே இல்லை.

ஆட்டம் முடிந்துவிட்டது, இனிப் பேசலாம். அக்கா மைக்கைப் போட்டு, இதைச் செய்தவள் தான்தான் என்று சொன்னாள். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

சிரிப்போடு ஓர் ஆண் குரல் வந்தது.

"அருமைங்க. இந்த இடத்தை விட்டுப் போகவே மனசு வரல. தங்கச்சிதான் ஆட்டத்தைத் திறந்து குடுத்துட்டுக் கடைக்குப் போனா, இப்பதான் வந்தா. இதுல படமெல்லாம்கூட இருக்குங்கறா. நிஜமாவா?"