மூலைக்கு ஒருவர்

ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைப் பதக்கம் வாங்கியவரையே தன் கடை வாசலில் காவலுக்கு வைத்திருப்பதாக நகைக்கடை முதலாளி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பதக்கத்தை வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டி வேறு வைத்திருந்தார்.

அன்று மதியம் முகமூடி போட்ட திருடன் ஒருவன் உள்ளே நுழைந்தான். காவலாளி பாய்ந்தார். ஆனால் திருடனும் லேசுப்பட்டவன் இல்லை. குத்துக்குக் குத்து திருப்பிக் கொடுத்தான். முதலாளி ஓடிப்போய் அலார மணியை அமுக்கினார்.

மணி அடித்ததுதான் தாமதம், காவலாளி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

“யோவ், என்னய்யா உக்காந்துட்ட?”

“மணி அடிச்சிட்டீங்களே முதலாளி! ரவுண்டு முடிஞ்சிருச்சு, ஒரு நிமிஷம் ரெஸ்ட். கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.”

“அதுக்குள்ள அவன் ஓடிருவான்யா!”

“ஓட மாட்டார். அங்க பாருங்க.”

எதிர்மூலை நாற்காலியில் திருடன் முகமூடியைக் கழற்றிவிட்டு, அதேபோல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ஒலிம்பிக்குக்கு ஆள் எடுத்தப்போ என்கிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தவர், முதலாளி. இந்த வேலைக்கும் எனக்குப் பின்னாடிதான் வரிசையில நின்னார். பதக்கம் இருக்கான்னு கேட்டு நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க.”

முதலாளி தண்ணீர் பாட்டிலோடு நடுவில் நின்று, எந்த மூலைக்குப் போவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

“சீக்கிரம் சார்,” என்றான் திருடன். “இன்னும் இருபது செகண்ட்தான் இருக்கு.”